கும்பத்தடியில் முளைத்த ரை

நான் கடையை விட்டு விலகிய வாரத்தில்தான் கோதுமை போன்ற ரை தானியத்தின் மோல்ட், பியர் காய்ச்சுகிறவர்களுக்கென்று, சிறிய பொதிகளாக வரத் தொடங்கியது. எனக்குப் பின் கடையைப் பொறுப்பெடுத்த கோபி ஒரு பொதியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான். முளைகட்டி, உலர்த்தி, உடைத்தும் ஆயிற்று. வாயை வெட்டிச் சுடுநீரில் கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

"பரம் அண்ணை, முந்தி இதை உங்கடை வீட்டிலை முளைக்க வைச்சனீங்களாமே? மிஸிஸ் வீலர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சகுந்தலா அக்கா அதுக்குப் பூசை செய்தவவாம்."

"பூசை செய்யேல்லை. தண்ணிதான் ஊத்தினவ."

"அப்ப அதை ஒருக்கா எழுதித் தாங்கோவன். பொதியை வெட்டிக் கொட்டிப்போட்டு 'நான் ரை பியர் காய்ச்சினனான்' எண்டு நெஞ்சை நிமித்திறவைக்கு வாசிக்கக் குடுக்கலாம். நீங்கள் பியர் குடிக்கிறேல்லை எண்டதையும் எழுதுங்கோ. ஒருத்தரும் நம்பினமில்லை."

கேட்டதற்காக எழுதுகிறேன். முதலில் குடிக்காத கதை. அது சின்னது.

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, வந்தவர்களில் பாதிப் பேரைப் போலவே பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தேன். ஒருநாள் வேலை முடிந்து டூட்டிங்கில் நடந்து வரும்போது, பக்கத் தெருக் கடையொன்றின் கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே கண்ணாடிக் குழாய்களும் பெரிய சாடிகளும் தெரிந்தன. ஆய்வுகூடச் சாமான் விற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நுழைந்தேன். வீட்டில் பியரும் வைனும் காய்ச்சுகிறவர்களுக்கான கடை அது. சொந்தக்காரியான மிஸிஸ் வீலர், அறுபதை நெருங்கிய விதவை, என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குடிப்பீர்களா?"

"இல்லை."

"நல்லது. முன்பிருந்தவர் குடிப்பார்."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை நீர்மத்தில் விட்டதும் ஒரு சுழற்றுச் சுழற்றிக் குமிழ்களை உதறிவிட்டு, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேரே இறக்கி வாசிப்பதை நான் கல்லூரியிலேயே பழகியிருந்தேன். மற்றவற்றை அந்த வருடத்துக்குள் அவர் பழக்கிவிட்டார். கலத்தைக் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததாக நினைக்கக்கூடாது. வாசித்ததை எழுத வேண்டும், வாசிக்க விரும்பியதை எழுதக்கூடாது.

கெட்டுப்போன பியரைப் போத்தலில் கொண்டுவந்து காட்டாத வாடிக்கையாளர் கிடையாது. எவரிடமும் "பிழை விட்டுவிட்டீர்கள்" என்று மிஸிஸ் வீலர் சொல்லி நான் கேட்டதில்லை. மூடியை மெல்லத் திறந்து, கண்ணை மூடி மணப்பார். பிறகு, "கேத்திலைப் போடுங்கள், மிஸ்டர் பரம்" என்பார். தண்ணீர் கொதிப்பதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார். கோபம் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைப்பார். கண்ணாடி எவ்வளவு நேரம் துடைபடுகிறதோ கோபமும் அவ்வளவு.

நாக்கு அவருடையது, மூக்கு என்னுடையது என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். நான் மணந்து சொல்ல, அவர் சுவைத்துச் சரிபார்ப்பார். ஒருமுறை ஒரு போத்தலை மணந்துவிட்டு, "பலாப்பழம்" என்றேன். அவர் பலாப்பழத்தைக் கண்டதில்லை. மறுநாள் எங்கள் பலசரக்குக் கடைக்குத் தானே போய் ஒரு துண்டு வாங்கிவந்து, கவுன்ரரில் வைத்து மணந்து பார்த்தார். அதன் பிறகு, சூடு கூடிய இடத்தில் புளித்த பியரை வாடிக்கையாளர்களிடமே "இது ஜாக்ஃப்ரூட்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கேட்ட ஆங்கிலேயர்கள் அதை ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி ரை.

யானிஸ் என்றொரு வாடிக்கையாளர் இருந்தார். பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், லத்வியா நாட்டுக்காரர். உலகப் போரின் கடைசியில் இளைஞனாக வீட்டை விட்டு ஓடி, ஜெர்மனியில் அகதி முகாம்களில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தவர். மாதத்துக்கொரு மோல்ட் பாகு டின் வாங்குவார். பேச்சு மிகக் குறைவு. தொண்ணூறாம் ஆண்டு செப்டெம்பரில் ஒருநாள் வந்தவர் டின் பக்கம் போகாமல் கவுன்ரரில் நின்றார்.

"ரை மோல்ட் இருக்கிறதா?"

"இல்லை. ஆலையில் லொறிக் கணக்கில்தான் கொடுப்பார்கள்" என்றார் மிஸிஸ் வீலர். "எதற்கு?"

"என் அக்கா வருகிறார். அங்கே சோவியத்காரர்கள் இப்போது வெளியே போக விடுகிறார்கள். நான் ஓடிவந்த பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. போன மாதம் தொலைபேசியில் பேசினோம். இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமே வரவில்லை. என் மொழியில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அக்காவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. இரண்டு வாரம் எதிரெதிரே உட்கார்ந்து என்ன செய்வது?"

கவுன்ரர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"பண்ணையில் அம்மாவுக்குப் பிறகு பியர் காய்ச்சியது அக்காதான். ரை போட்ட பியர். அதை முன்னால் வைத்தால் அவர் பேசத் தொடங்குவார். அவர் தொடங்கினால் எனக்கும் வரும்."

மிஸிஸ் வீலர் என்னைப் பார்த்தார். நான் போய்க் கேத்திலைப் போட்டேன்.

தேநீர் முடிவதற்குள் திட்டம் தயார். ஆரோக்கிய உணவுக் கடையில் முழு ரை தானியம் கிடைக்கும். நாங்களே முளைகட்டி மோல்ட் ஆக்குவது. அக்கா வருவது நவம்பர் கடைசியில் என்பதால் நாளிருந்தது. இடம்தான் பிரச்சினை. கடையின் பின்னறையில் எலி. யானிஸ் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் நிற்கவே இடமில்லை. மேல்மாடியில் மிஸிஸ் வீலரின் இரண்டு பூனைகள், எதைப் பரப்பினாலும் அதன் மேல் படுப்பவை. மிச்சம் என் வீடு.

என் மனைவி சகுந்தலாவுக்கு நான் செய்யும் தொழிலில் வருத்தமில்லை, அது கடையோடு நிற்கும்வரை.

"சாமி அறையிலையோ வைக்கப் போறியள்? சாராயத்தையோ?"

"சாராயம் இல்லையப்பா. வெறும் தானியம்."

"வெறும் தானியம் எண்டால் வையுங்கோ. தானியம் என்ன பாவம் செய்தது?"

எங்கள் வீட்டின் மிகச் சிறிய அறைதான் சாமி அறை. வெப்பமூட்டி இல்லாததால் முளைகட்ட ஏற்ற குளிர்ச்சி. தானியத்தைக் கழுவி ஊறவைத்து, வடித்து, காற்றாட விட்டு, மறுபடி ஊறவைத்து, தட்டங்களில் பரப்பினேன். பார்லிக்கு உமி உண்டு, ரைக்கு இல்லை. அம்மணமான தானியம். முளையும் வேரும் வெளியே நிற்பதால் அழுத்தினால் முறிந்துவிடும். பிட்டு மாவை உதிர்ப்பது போல விரல் நுனியால் தூக்கித் தூக்கிப் புரட்ட வேண்டும். சரியாக முளைத்தால் அறையில் வெள்ளரிக்காய் மணம் வரும். முளை தானியத்தின் நீளத்துக்கு வந்ததும் வாடவிட்டு, சுடுநீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் வைத்து உலர்த்த வேண்டும். அதற்குமேல் வளரவிட்டால் தானியத்திலுள்ள மாச்சத்தைப் பயிரே தின்றுவிடும். பியருக்கு ஒன்றும் மிஞ்சாது.

வெள்ளரிக்காய் மணம் வந்த நேரத்தில் நவராத்திரியும் வந்தது. சகுந்தலா கும்பம் வைத்து, அதன் அடியில் மண் பரப்பி நவதானியம் விதைத்தாள். அந்தப் பயிர் எப்படி வருகிறதோ அப்படித்தான் குடும்பத்துக்கு வரும் என்று எங்கள் பெண்கள் பார்ப்பார்கள். அந்த ஆண்டு அவள் கூடுதலாகவே பார்த்தாள். ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்த அவளுடைய தம்பியிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதமில்லை.

அந்த வார இறுதியில் மிஸிஸ் வீலரோடு வடக்கே ஒரு மோல்ட் ஆலைக்குச் சரக்கெடுக்கப் போகவேண்டி வந்தது. தட்டங்களை வாடவிடும் தருணம். போகும்போது சொன்னேன்: "காலமையும் பின்னேரமும் ஒருக்காக் கிளறிவிடும். வேறை ஒண்டும் செய்ய வேண்டாம்."

திங்கள் பின்னேரம் திரும்பி வந்து சாமி அறைக் கதவைத் திறந்தேன். வெள்ளரிக்காய் மணம் இல்லை. மழை பெய்த வயலின் மணம். கும்பத்துக்கு இரு பக்கமும் என் தட்டங்கள். அவற்றில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று ரை நின்றது. ஒவ்வொரு தட்டத்தின் விளிம்பிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"சகுந்தலா, இதென்ன?"

"வாடப் பாத்தது. தண்ணி விட்டனான்."

"ஆர் விடச் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? கும்பத்தடியிலை பயிர் வாட, பாத்துக்கொண்டு நிக்கிறதோ? நான் போட்டது ஒண்டும் ஒழுங்கா முளைக்கேல்லை. கடைக்காரன் எந்தக் காலத்துத் தானியத்தைத் தந்தானோ. உங்கடைதான் முளைச்சு நிண்டுது." பிறகு குரல் இறங்கியது. "தம்பியின்ரை பேரைச் சொல்லித்தான் ஊத்தினனான்."

நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மிஸிஸ் வீலரிடம் சொன்னபோது மூக்குக்கண்ணாடி கழன்றது. நீண்ட நேரம் துடைத்தார். பிறகு, "எவ்வளவு உயரம்?" என்றார். விரலைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவர், வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்த பிறகும் நிறுத்தவில்லை. "யானிஸுக்கு நீங்களே சொல்லுங்கள். எனக்குச் சிரிப்பு அடங்காது."

யானிஸ் சிரிக்கவில்லை. பார்க்க வேண்டும் என்றார். வேலை முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் நான் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். சகுந்தலா அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மனுசன் ஏசப் போகிறார் என்ற பயம். அவர் முழங்காலிட்டுப் பயிரை உள்ளங்கையால் தடவினார். குனிந்து மணந்தார்.

"இந்த மாதம் எங்கள் வயலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். "பனி மூடுமுன் இதே உயரம்." பிறகு, "உங்கள் மனைவி இதை எதற்காக வளர்க்கிறார்?" என்று கேட்டார்.

சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன்.

"கடிதம் வந்ததா?"

"இல்லை."

"அப்படியென்றால் இது நிற்கட்டும். எனக்காக வெட்ட வேண்டாம்."

அதைத் தமிழில் சொன்னதும் சகுந்தலா கதவை விட்டு வெளியே வந்தாள். "இஞ்சருங்கோ, அவருக்குச் சொல்லுங்கோ. விசயதசமி முடியட்டும், நானே திரும்ப முளைக்க வைச்சுத் தாறன். இந்த முறை சொன்ன நேரத்துக்கு மிஞ்சித் தண்ணி காட்ட மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

சொன்னபடி செய்தாள். என் கையைத் தட்டத்துக்குக் கிட்டவும் விடவில்லை. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளின் பாடம் பார்த்து, இடையிடையே போய்ப் புரட்டிவிட்டாள். முளைகள் ஒரே நீளத்தில், எண்ணெய் பூசி வாரிய தலை போலக் கிடந்தன. அலுமாரியில் உலர்ந்ததும் வேர்களைச் சுளகில் போட்டு அவளே புடைத்தெடுத்தாள். தம்பியின் கடிதம் தை பிறந்த பிறகு கொழும்பு வழியாக வந்தது. அதற்கும் பயிருக்கும் தொடர்புண்டு என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்று நானும் சொல்லவில்லை.

காய்ச்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையின் பின்னறையில். உடைத்த ரை மோல்ட்டையும் பார்லி மோல்ட்டையும் அளவான சூட்டில் நீரோடு கலந்து மூடி வைப்பது முதல் வேலை. மாச்சத்து இனிப்பாக மாறும். பிறகு கலத்தின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால் இனிப்பு நீர் வடிந்து வர வேண்டும். சூடு பிடித்தது, மாற்றமும் சரி. யானிஸ் குழாயைத் திறந்தார். நாலு துளி விழுந்தது. நின்றுவிட்டது.

மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கூழ். ரை அப்படித்தான், பசை. பார்லியின் உமி இடைவெளி கொடுக்கும் என்று நம்பி நாங்கள் ரையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்தோம். மிஸிஸ் வீலர் சுடுநீர் விட்டுப் பார்த்தார், கரண்டியால் மெல்லக் கீறிப் பார்த்தார். அசையவில்லை. கலம் ஆறினால் எல்லாம் போயிற்று. இன்னொரு முறை முளைகட்ட நாளில்லை.

"அம்மா அடியில் வைக்கோல் போடுவார்" என்றார் யானிஸ். "இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மேலே வாசனைக்கு ஜூனிப்பர் மரக் கிளையும் போடுவார்."

"முயல் வளர்ப்பவர்களுக்கு வைக்கோல் விற்கும் கடை இருக்கிறது. ஆனால் இன்று பூட்டு" என்றார் மிஸிஸ் வீலர்.

ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருப்பது எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்றுதான். கும்பத்துக்கு வாங்கிய மண்பானை உமிக்குள் புதைந்து வந்தது நினைவுக்கு வந்தது. ஓடினேன். கடைக்கார இராசன் அண்ணை மரக்கறிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பானை வந்த பெட்டியளிலை உமி கிடக்கோ?"

"உமியோ? என்ன பரம், லண்டனிலை பற்பசை முடிஞ்சு போச்சோ? கரியாக்கிப் பல்லு மினுக்கப் போறீரோ?"

"பல்லுக்கில்லை அண்ணை, பியருக்கு."

"உம்மடை கையிலை மணமும் இல்லை, வாயிலை மணமும் இல்லை, கதை மட்டும் பியர்க் கதை. பின்னுக்குக் கிடக்கு, அள்ளிக்கொண்டு போம். எறியிற வேலை மிச்சம்."

உமியை அலசி, கொதிக்க வைத்து, வடித்து, கூழோடு கலந்து, மூடிவிட்டுக் காத்திருந்தோம். யானிஸ் மறுபடி குழாயைத் திறந்தார். துளி, துளி, பிறகு நூல், பிறகு செம்மண் நிறத்தில் தடையில்லாத ஒழுக்கு. மிஸிஸ் வீலர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா வந்தார். பெயர் வெல்டா. யானிஸின் அறை சிறியதென்பதால் மிஸிஸ் வீலர் தன் மேல்மாடி வரவேற்பறையில் ஞாயிறு பின்னேரத் தேநீருக்கு எல்லாரையும் அழைத்தார். சகுந்தலா உளுந்து வடை சுட்டுக்கொண்டு வந்தாள். வெல்டா சிறிய உருவம். தலைத்துணி கட்டி, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தம்பியும் அக்காவும் ஒரே சோபாவில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களைப் போல நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் வந்து நாலு நாளாகிவிட்டது என்று யானிஸ் சொன்னார். அந்த நாலு நாளில் பேசியதெல்லாவற்றையும் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாமாம்.

எப்போதாவது வெல்டா ஒன்று சொல்வார். யானிஸ் எங்களுக்கு மொழிபெயர்ப்பார்.

"இங்கே குளிர் குறைவாம்."

"ஓ, அப்படியா" என்போம். பூனை ஒன்று வந்து எல்லாரையும் பார்த்துவிட்டுப் போனது.

யானிஸ் எழுந்து போய்ப் பியரை ஊற்றிக்கொண்டு வந்தார். கலங்கல் செந்நிறம், மேலே கெட்டியான நுரை. கண்ணாடிக் குவளையை அக்காவின் முன்னால் வைத்தார். வெல்டா கைப்பையைக் கீழே வைத்தார். மணந்தார். ஒரு வாய் குடித்தார். குவளையை வைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னார்.

யானிஸ் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்றார் மிஸிஸ் வீலர்.

"பழைய மெத்தையை நனைத்துப் பிழிந்தது போல இருக்கிறதாம்."

மிஸிஸ் வீலரின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. வெல்டா அதைக் கவனிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். இந்த முறை வசனம் நீண்டது.

"ஜூனிப்பர் எங்கே என்கிறார். ஹொப்ஸ் பூவின் கசப்புக் கூடிவிட்டதாம், வியாபாரிகள் காய்ச்சுவது போல. அடியில் வைக்கோல் போடாமல் எதைப் போட்டீர்கள் என்கிறார்."

"நெல் உமி" என்றேன்.

யானிஸ் அக்காவின் பக்கம் திரும்பி வாயெடுத்தார். உமிக்கு அவர் மொழியில் சொல் வரவில்லை. கட்டைவிரலால் சுட்டுவிரலை உரசிக் காட்டினார், ஊதிக் காட்டினார். வெல்டா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னார். யானிஸ் அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார், தனக்குத்தானே. வெல்டா அடுத்த கேள்வியைக் கேட்டார். யானிஸ் சகுந்தலாவைக் காட்டினார். கிழவி எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்து, விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"முளைகட்டியது சரியாம்" என்றார் யானிஸ். "மற்றதெல்லாம் பிழையாம்."

"நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கோ" என்றாள் சகுந்தலா என்னிடம்.

வெல்டா சோபாவுக்குத் திரும்பிப் போய் மீதியைக் குடித்து முடித்தார். தானே போத்தலை எடுத்து மறுபடி ஊற்றினார். பிறகு தொடங்கினார். அம்மா என்பது போல ஒரு சொல் வந்தது. கிணறு என்பது போலக் கையால் இறைத்துக் காட்டினார். குதிரை என்பது போல ஏதோ. யானிஸ் இடைமறித்து இல்லை என்று தலையாட்டினார். வெல்டா குரலை உயர்த்தினார். யானிஸும் உயர்த்தினார். தடுமாறினார், சொல்லைத் தேடினார், கிடைக்காதபோது விரலைச் சொடுக்கினார். அக்கா எடுத்துக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு வாதத்தைத் தொடர்ந்தார். வெல்டா அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி போட்டார்.

"இப்போது என்ன சொல்கிறார்?" என்றார் மிஸிஸ் வீலர்.

யானிஸ் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பொறுங்கள் என்பது போல ஒரு கையை மட்டும் எங்களை நோக்கி உயர்த்தினார். பேச்சை நிறுத்தவில்லை.